கணித மேதை இராமானுஜனும் காலேஜ் சம்பளமும்

நமது தமிழில் சம்பளம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மாத முடிவில் காரியாலயத்தில் நாம் வாங்குவதும் சம்பளம். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்காக நாம் கட்டுவதும் சம்பளம். பின்னதை இக்காலத்தார் பீஸ் என்றும் கட்டணம் என்றும் சொல்லுகின்றனர்; நம் பாட்டன்மாரோ பள்ளிச் சம்பளம், காலேஜ் சம்பளம் என்றே வழங்கினார்கள். வாங்கும் சம்பளம் குறைவாகவும் கட்ட வேண்டிய சம்பளம் மிகுதியாகவும் உள்ள வீட்டில் என்ன நேரும் என்பதை நமது காலனியில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சேமநிதியிலிருந்து முன்பணம் கோரி எத்தனை மனுக்கள் வருகின்றன என்பதை, அவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் நாம் நன்கு அறிவோம்.

இவ்வாண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது நம் நினைவில் முதலில் தோன்றியவர் சீனிவாச இராமானுஜன். அவரது கணிதத்தை எடுத்துரைக்க நமக்குத் தகுதி இல்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரெயில்வேயில் புகுந்த நமக்கு, அம்மேதையின் நோட்டுப் புத்தகங்களில் ஒரு வரியும் விளங்குவதன்று. ஆனால் அவர் வாழ்க்கையில் ரூபாய்க் கணக்கு ஒன்றும் ஊடே ஓடுகின்றது. அக்கணக்கு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்றாக விளங்கும். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். மற்றொரு காரணமும் உண்டு. பிழைப்பை நாடி வந்து நாம் வாழும் இவ்விசாகப்பட்டினத்துக்கும் அவ்வரலாற்றில் ஓரிடம் உள்ளது. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மாத வருவாய் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சில ரூபாய் கொண்டுவருவார். அதுவும் போதாமையால், வெளியூர்களிலிருந்து கும்பகோணத்துக்குப் படிக்க வந்த மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறிட்டு, அவர்கள் கொடுத்த தொகையையும் சேர்த்துக் குடும்பம் நடத்தினார்கள். அம்மாணவர்களிடம் சிறுவன் இராமானுஜன் கணக்குக் கேட்டுக் கேட்டு, சிறிது காலத்தில் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றுத் தீர்த்துவிட்டார். லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூல் அவருக்குக் கிடைத்ததும் அவர்களில் ஒருவரிடமிருந்துதான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த ஏற்பாடு, பிள்ளைக்குச் சம்பளமில்லா வாத்தியார்களையும் தேடித் தந்தது!

1897 நவம்பரில் நடந்த பிரைமரிப் பரீட்சையில் அவர் தஞ்சை ஜில்லாவில் முதலாவதாகத் தேறினார். அதன் பயனாகக் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. இதனைத் தருமம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பரீட்சையில் முதலில் நின்றதற்காக வந்த உரிமை அது. 1898 முதல் 1903 வரை அங்குப் படித்தார். 20 ரூபாய் வருவாயில் மற்றொரு பாதியைக் கட்டுவதும் எளிதன்று, எப்படியோ கட்டினார்கள். பையனும் குறை வைக்கவில்லை. 1904-இல் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை அவர் பெற்றபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் சபையோரிடம் அவரை வானளாவப் புகழ்ந்தார். முழு மதிப்பெண்ணும் அவருக்குப் போதாது என்பது அப்பெரியவரின் கருத்து.

இதற்கு முன்னரே, 1903-இல், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூல். ஆயிரக்கணக்கான கணித முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இன்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் அடுக்கப்பட்டிருக்கும். மற்றவர்க்கு அது பரீட்சைக்குத் துணைநூல். இராமானுஜனுக்கோ அன்று முதல் வேறு நூல் வேண்டியிருக்கவில்லை. இதுவே அவரது உயர்வுக்கு வித்து. காலேஜ் படிப்புக்கு உலையும் இதுவே.

1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்த மாதம் கும்பகோணம் கவர்ன்மெண்டு காலேஜில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அக்கலாசாலையைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்லுவது வழக்கம். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்து நின்றமைக்காக அவருக்குச் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நிம்மதி கொண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அக்காலேஜில் ஒரு பருவத்துக்குச் சம்பளம் 32 ரூபாய். தகப்பனாரின் ஒன்றரை மாத வருவாய் முழுவதும் அரிசிக்கும் விறகுக்கும் போகாமல் அப்படியே காலேஜுக்குப் போனாலும் இரண்டு ரூபாய் குறையும்.

உபகாரச் சம்பளம் என்பது ஒருமுறை கொடுத்து மறந்துவிடும் தொகையன்று. அதைப் பெறும் மாணவன் ஒவ்வோர் ஆண்டும் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். எப்.ஏ. வகுப்பில் கணிதம் தவிர ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், உடற்கூற்று நூல் ஆகியனவும் இருந்தன. சரித்திர ஆசிரியர் பாடம் நடத்தும்போதும் இராமானுஜன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1905 தொடக்கத்தில் மேல்வகுப்புக்கு மாற்றப்படாமல் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. இனிப் படிக்க வேண்டுமாயின் 32 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

கோமளத்தம்மாள் பிரின்சிபாலை நேரில் கண்டு முறையிட்டார். கணிதத்தில் தம் மகனுக்கு நிகரானவன் இல்லை என்றும், அப்படிப்பட்டவனுக்கு உதவியை நிறுத்தலாகாது என்றும் வாதாடினார். அந்நாளில் ஒரு குடும்பப் பெண்மணி தனியே காலேஜ் பிரின்சிபால் முன் சென்று நின்று வழக்காடுவது சிறிய காரியம் அன்று. பிரின்சிபால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் இணங்கவில்லை. விதி விதிதான் என்பது அவர் முடிவு.

அவரைக் குறை கூற நமக்கு மனம் இல்லை. விதிப் புத்தகத்தின் கீழ் நாள்தோறும் வேலை செய்பவர்கள் நாம். ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்த மனுவில் அதையே எடுத்துக் காட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அவ்வாண்டில் எல்லாப் பாடங்களிலும் தேறிய வேறோர் ஏழை மாணவனும் அந்த உதவிக்குக் காத்திருந்திருக்கலாம். ஆயினும், மகனின் நோட்டுப் புத்தகத்தைக் கணிதம் அறிந்த ஒருவரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றும் நினைக்கத் தோன்றுகிறது. அதே கலாசாலையில் கணிதம் போதித்து வந்த பி. வி. சேஷு ஐயரே பிற்காலத்தில் இராமானுஜனுக்குத் துணை நின்றவர்களுள் முக்கியமானவர். அவரும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்!

சில மாதங்கள் எப்படியோ வகுப்புக்குச் சென்றுவந்தார். ஆகஸ்டு மாதம் வீட்டில் எவருக்கும் சொல்லாமல் புறப்பட்டுப் போய்விட்டார். அவர் வந்து சேர்ந்த ஊர் இந்த விசாகப்பட்டினம். அப்பொழுது இதுவும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. எனினும் கும்பகோணத்துப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு மொழியும் மக்களும் புதியவை. ஓடி வந்த காரணத்தைப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். நண்பன் ஒருவனின் தூண்டுதல் என்பது ஒரு சாரார் கருத்து. தவறிய வெட்கமும், பெற்றோர்க்குப் பாரமானோமே என்ற துயரமுமே காரணம் என்பது நமது எண்ணம். பெற்றோர் பதறிப்போய்த் தேடினார்கள். 1905 செப்டம்பர் 2-ஆம் தேதி ஹிந்து பத்திரிகையில் காணாமற்போன பையனைப் பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று. நமது காலனி மாணவர்கள் கடற்கரைக்குப் போகும்போது, காலேஜ் சம்பளம் போன துக்கத்தோடு இராமானுஜனும் இவ்வூரில் திரிந்தார் என்பதை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த மாதத்திலேயே அவர் ஊர் திரும்பினார். காலேஜிலும் மீண்டும் சேர்ந்தார். ஆனால் வராத நாட்கள் வராத நாட்களே. வருகை போதாமையால் பருவச் சான்றிதழ் கிட்டவில்லை. அது இல்லாமல் பரீட்சைக்குப் போக வழியில்லை. பணத்தில் வந்த இடர் நாளில் முடிந்தது. சம்பளம் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அஞ்சும் பெற்றோர், அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இவ்விடர்களை முன்கூட்டி எண்ணுவதில்லை.

1906-இல் சென்னைக்குச் சென்று பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தார். பச்சையப்ப முதலியார் என்னும் வள்ளல் 1794-இல் மறைந்தவர். அவர் விட்டுச் சென்ற செல்வத்திலிருந்து எழுந்தது அக்கலாசாலை. அங்குக் கணித ஆசிரியர் ஒருவர் இராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைக் கண்டு வியந்து, பிரின்சிபாலிடம் நேரே அழைத்துச் சென்றார். சம்பளத்தில் ஒரு பகுதிக்கு உடனே உதவி கிடைத்தது. கும்பகோணத்தில் தாயார் தனியே சென்று பெற முடியாததை இங்கு ஓர் ஆசிரியர் கூடச் சென்று பெற்றுத் தந்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் இம்முறை உடல்நலம் கெட்டது. ஊருக்குத் திரும்பி, 1907 டிசம்பரில் தனிமாணவராக எப்.ஏ. பரீட்சை எழுதினார், மறுபடியும் தவறினார். உடற்கூற்று நூல் அவருக்கு இறுதி வரையில் வசப்படவே இல்லை. அத்துடன் காலேஜ் கதவு அடைபட்டது.

பின்வந்த ஆண்டுகள் மிகக் கடினமானவை. பட்டமில்லை, வேலையில்லை. பையன்களுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கப் பார்த்தார். பாடப் புத்தகத்தை விட்டு வெகுதூரம் போய்விடும் வாத்தியாரை எந்தத் தகப்பனார்தாம் வைத்துக்கொள்வார்? காகிதம் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். 1909 ஜூலை 14-இல் ஜானகி அம்மாளை மணந்தார். இல்லறத்தான் ஆனதும் வேலை தேடுவது கட்டாயமாயிற்று.

1910-இல் திருக்கோவிலூருக்குச் சென்று டிப்டி கலெக்டர் வி. இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது கணிதப் பதவியன்று. அவருடைய ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அப்பெருந்தகை, இவரைத் தாலுகாக் கச்சேரியில் போட்டுப் பாழாக்க மனமின்றி, சென்னையில் இருந்த சேஷு ஐயரிடம் அனுப்பினார். அக்கவுண்டண்டு ஜெனரல் ஆபீசில் சில மாத ஆக்டிங் வேலை கிடைத்தது. பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஓராண்டு அவ்விதம் கழிந்தது. ஆனால் வேலை செய்யாமல் ஒருவர் பணத்தில் நெடுநாள் உண்பதை இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச்சு முதல் தேதியில் சென்னைப் போர்ட் டிரஸ்டில் மூன்றாம் வகுப்பு, நான்காம் படிக் குமாஸ்தாவாக அமர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

இங்கு ரெயில்வே அன்பர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் போர்ட் டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நம்மவரே என்னலாம். பெரிய ஆறுகளில் ரெயில் பாலம் கட்டும்போது வெள்ளத்தைப் பாலத்தின் வழியே திருப்பிவிடும் கரைக்கட்டு முறையைப் பற்றி 1903-இல் நூல் எழுதிய பொறியாளர் அவர். நமது என்ஜினீயரிங் பகுதியார் அவர் பெயரை அறிவார்கள். போர்ட் டிரஸ்டு மானேஜர் நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இராமானுஜனுடன் அமர்ந்து சிலேட்டும் கையுமாக இருப்பார். இவ்விருவரும் தம் கீழ்க் குமாஸ்தாவின் பெருமையை உணர்ந்து ஊக்கியது அவர் செய்த பாக்கியம். கடைசிப் படியில் உள்ள குமாஸ்தா பையில் என்ன வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்க்கும் மேலதிகாரிகள் எல்லா ஆபீசுகளிலும் அமைவதில்லை.

அவர்கள் தந்த ஊக்கத்தில் 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதன் பின் நடந்தவை உலகறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை. நாம் இங்குச் சொல்ல விரும்புவது சென்னையில் நடந்ததைத்தான். அவ்வாண்டு பிப்ரவரியில், சிம்லாவிலிருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் முன்னாளில் கேம்பிரிட்ஜ் டிரினிடிக் காலேஜில் கணிதத்தில் உயர்ந்து விளங்கியவர். அவரிடம் ஸ்பிரிங் துரை இராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். 26-ஆம் தேதி வாக்கர் சர்வகலாசாலைப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். சில ஆண்டுகளேனும் வருவாய்க் கவலையின்றி இவர் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபடச் சர்வகலாசாலை வகை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

சர்வகலாசாலையின் ஆராய்ச்சி உதவித் தொகைக்கும் விதி உண்டு. எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே அது உரியது. இராமானுஜனோ எப்.ஏ. தேறாதவர். சர்ச்சை நடந்தது, முடிவில் விதியைத் தளர்த்தினார்கள். 1913 மே முதல் தேதியிலிருந்து இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க உத்தரவாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை.

1905-இல் அசையாத விதி 1913-இல் அசைந்தது எங்ஙனம்? பையன் அவனேதான், நோட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் கூடியிருந்தன, அவ்வளவே. முன்பு வந்தவர் தாயார். பின்பு வந்தது சிம்லா அதிகாரியின் கடிதம். நமது சங்கத்தின் கல்வி உதவியைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், எல்லாப் பாடங்களிலும் தேறியவர்க்கே தர வேண்டும் என்று சிலரும், கஷ்டப்படும் வீடு எதுவாயினும் தர வேண்டும் என்று சிலரும் வாதாடுவது வழக்கம். விதி இருக்கட்டும், அது வேண்டியதே. ஆனால் விதியில் அடங்காத ஒரு தாயார் வந்தால், அவர் சொல்வதைக் கேட்டு, பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் பார்க்க ஒருவருக்கேனும் அதிகாரம் கொடுத்து வைக்கலாம் என்பது நமது தாழ்மையான கருத்து. ஒரு பருவத்துச் சம்பளத்துக்குள் முடிகின்ற காரியம் அது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் கலெக்டரும் துரைமாரும் கூடித் தூக்கிவிட வேண்டிய நிலை அப்போது வராது.

1914-இல் சர்வகலாசாலை அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம்; கப்பல் செலவு தனி. அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆக 3,750 ரூபாய். அதாவது மாதத்துக்கு 300 ரூபாய்க்கு மேல். ஒரு காலத்தில் 32 ரூபாய்க்கு வழியில்லாமல் ஊரைவிட்டு ஓடியவர் முதலில் செய்த ஏற்பாடு என்ன? அந்தத் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் தம் தாயாருக்குச் சேருமாறு எழுதிக்கொடுத்துவிட்டே மார்ச்சு 17-ஆம் தேதி கப்பல் ஏறினார். வெளியூரில் வேலை செய்து மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் நம் போன்றோருக்கு இந்த ஒரு வரியே அவரை மிக நெருங்கியவராக்கிவிடும்.

டிரினிடிக் காலேஜும் ஆண்டுக்கு 60 பவுன் கொடுத்தது. செலவோ மிகக் குறைவு. மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்டார். 1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்! ஆனால் அப்பொழுது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. தக்க உணவு கிடைப்பது அரிது, குளிரோ கொடியது. 1917-இல் நோயில் விழுந்து மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்கினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும், அவ்வாண்டு அக்டோபரில் டிரினிடியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிடி ஆறாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் அளித்தது. சென்னைச் சர்வகலாசாலையும் பின்தங்கவில்லை. 1919 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு, எந்த நிபந்தனையும் இன்றி, ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. ஆக மொத்தம் 500 பவுன்.

இதற்கு அவர் எழுதிய பதிலே நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 1919 ஜனவரி 11-ஆம் நாள், இலண்டனை அடுத்த பட்னியில் ஒரு மருத்துவ இல்லத்தில் இருந்தபடி, சென்னைப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். அப்பொழுது வயது 31, உடம்பில் நோய், ஊரில் முதிய பெற்றோரும் இளம் மனைவியும். சர்வகலாசாலைக்கு நன்றி கூறிவிட்டு, தமக்கு வரப்போகும் மொத்தத் தொகை தம் தேவைக்கு மிஞ்சியது என்று தெரிவித்தார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்தபின், ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குக் கொடுக்கப்பட வேண்டும். தமது அவசியச் செலவுக்குப் போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கல்வி என்று பொதுப்படச் சொல்லி விட்டுவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கித் தருவதற்கும் என்று குறிப்பிட்டே எழுதினார். நோயினால் முன்போல் கணிதம் செய்ய இயலவில்லையே என்று வருந்தி, கிடைத்த உதவிக்குத் தகுதியாக இனி முயல்வேன் என்றும் எழுதினார்.

இந்தக் கடிதத்தை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. உதவித் தொகையை உயர்த்தக் கோரும் விண்ணப்பங்களை எந்தப் பதிவாளரும் பார்த்திருப்பார். இது எனக்கு மிகுதி, மற்றவன் சம்பளத்தைக் கட்டுங்கள் என்று வரும் விண்ணப்பம் எத்தனை வந்திருக்கும்? அரைச் சம்பளத்தில் ஆரம்பித்த பிள்ளை, பிறர்க்குச் சம்பளத்தைக் குறைக்க எழுதிக் கேட்டார். புத்தகங்களைச் சேர்த்ததும் பொருளின்றி அன்று. இரவல் வந்த புத்தகங்களால்தானே அவர் உருவானார்.

1919 பிப்ரவரி 27-இல் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டு மார்ச்சு 27-இல் பம்பாய் வந்து இறங்கினார். கும்பகோணத்திலும் பிற ஊர்களிலும் சிகிச்சை நடந்தது, தணியவில்லை. படுக்கையிலும் சிலேட்டும் காகிதமும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார். ஐந்தாண்டுத் தொகையில் ஓராண்டு கடந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32. ஒரு காலத்தில் ஒரு பருவத்துக்கு எத்தனை ரூபாய் கட்ட வேண்டியிருந்ததோ, அத்தனை ஆண்டுகளே வாழ்ந்தார்.

ஜானகி அம்மாளுக்கு அப்பொழுது வயது இருபத்தொன்றே. சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் உதவித் தொகை அளித்தது. ஜவுளிக் கடையில் அவருடைய மாமனார் வாங்கியதும் ஏறக்குறைய அதே தொகைதான். அம்மையார் பம்பாயில் தமையனார் வீட்டில் சில ஆண்டுகள் தங்கித் தையல் கற்றார். 1931-இல் சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் கற்றுக்கொடுத்தும் தம் கையால் உழைத்துப் பிழைத்தார். போர்ட் டிரஸ்டும் அரசாங்கங்களும் உதவித் தொகை வழங்கியது வெகுகாலத்துக்குப் பின்னர்தான். 1950-இல் தாயை இழந்த சிறுவன் ஒருவனை ஏற்று வளர்த்துக் காலேஜ் வரை படிக்க வைத்தார். அச்சிறுவன் படித்துத் தேறி, பாங்கியில் உத்தியோகம் பெற்று, அம்மையாரை முதுமையில் காத்தார். 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜானகி அம்மாள் காலமானார்.